மழைக்கோட்டு: துணி, வெட்டு, மெழுகு

மழை கோட்டுக்குள் புகுவது ஐந்து இடங்களில்: கழுத்து, தோள் தையல், முன் திறப்பு, மணிக்கட்டு, தொடை. துணி வழியாகப் புகுவது கடைசியில்தான். ஆனால் பண்டாரவளைக் கடைவீதியில் மழைக்கோட்டு வாங்கப் போனால் நாம் எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். தடிப்பாக இருந்தால் நல்லது என்று வாங்கிவிடுகிறோம். பூனாகலைக்குத் திரும்பி வரும் பாதையில் முதல் பெருமழையிலேயே நெஞ்சு நனைந்து, தொடை நனைந்து, வீட்டுக்குள் வந்து கோட்டைத் திட்டுகிறோம். துணி தன் வேலையைச் செய்திருக்கும். வெட்டுத்தான் தவறு.

எண்ணெய் ஊட்டிய துணியில் குதிரைச் சவாரிக்கென்று தைத்த பழைய கோட்டு இந்த ஐந்து இடங்களையும் ஒவ்வொன்றாக அடைத்துக் காட்டிய உடுப்பு. அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வெட்டு பெரிதாக மாறவில்லை. அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால் கடையில் தொங்கும் எந்த ரெயின்கோட்டையும் எடைபோடலாம், டெய்லரிடம் சொல்லித் தைக்கலாம், பழையதைத் திருத்தலாம். மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்வருபவர், மழையில் கொழுந்தெடுப்பவர், அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் டெய்லர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இந்த இயலை எழுதியிருக்கிறேன்.

கம்பளி, கொங்காணி, படங்கு

தோட்டத்து மழைக்கு முதலில் வந்த உடுப்பு கறுப்புக் கம்பளி. கோப்பிக் காலத்திலேயே தொழிலாளருக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது. அதன் விலையைக் கணக்கில் பற்று எழுதிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அரிசியைப் போலக் கம்பளியும் கடன்தான். இரவில் போர்வை, மழையில் மேலாடை, பிள்ளை பிறந்தால் தொட்டிலின் அடிவிரிப்பு என்று ஒரே கம்பளி எல்லாமாக இருந்தது.

கம்பளியைக் குறைத்து எண்ண வேண்டாம். ஆட்டு உரோமத்தில் இயல்பாகவே ஒரு கொழுப்பு இருக்கிறது. நன்றாக அடித்து நெருக்கிய கம்பளியின் மேல் விழும் தூறல் உருண்டு ஓடிவிடும். உரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது; நனைந்தாலும் சூடு தரும். கன்னட நாட்டுக் குருபர்கள் கம்பளி நெய்யும்போது பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை ஊட்டுவார்கள். அந்தப் பசைதான் கம்பளிக்கு விறைப்பையும் மழையைத் தள்ளும் குணத்தையும் கொடுத்தது. எண்ணெயும் ரப்பரும் இல்லாமலே துணிக்கு மழை தாங்கும் வித்தையை நம் பக்கத்து மக்கள் அறிந்திருந்தார்கள். குறை ஒன்றுதான்: நாள் முழுக்க நனைந்த கம்பளி மிகவும் கனக்கும். அந்தக் கனத்தோடு கொழுந்தின் கனத்தையும் சுமந்துதான் பெண்கள் மலை ஏறி இறங்கினார்கள்.

சாக்குக் கொங்காணி இன்னும் எளிது. சாக்கின் அடிப்பக்கத்து மூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் பொருத்தினால் கூம்பு போல ஒரு தலைமூடி கிடைக்கும். மீதிச் சாக்கு முதுகை மூடும். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை படங்கு. தேயிலைச் செடிகளின் ஈரமும் கிளைகளின் கீறலும் காலில் படாமல் காப்பது அதுதான். பிறகு ரப்பர் சீட்டு வந்தது, உரப்பை வந்தது, இப்போது பொலித்தீன். பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெட்டு மட்டும் வரவே இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக மழையில் நிற்கும் பெண்ணுக்கு அவளுடைய வேலைக்கென்று அளவெடுத்து வெட்டிய மழையுடுப்பு வரவில்லை என்பதைப் பெருங்குறையாகவே நான் நினைக்கிறேன். துரைக்கு வந்தது. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

எண்ணெய்த் துணி

பாய்மரக் கப்பலில்தான் அது தொடங்கியது. பாய்த்துணியில் ஆளிவிதை எண்ணெய் பூசினால் அது நீர் குடிக்காது, கனக்காது என்று கண்டவர்கள் மாலுமிகள். கிழிந்த பாயை வெட்டி மேலங்கியாகப் போட்டுக்கொண்டவர்களும் அவர்களே. ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை வாங்கிக்கொண்டு கெட்டிப்பட்டுத் தோல் போல ஒரு படலமாகிறது. மாலுமிக் கோட்டின் மஞ்சள் நிறம் அந்த எண்ணெயின் நிறம். கறுப்பு வேண்டுமென்றால் விளக்குக் கரியைக் கலந்தார்கள்.

1823இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மக்கின்டொஷ் வேறு வழியைக் காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே அதைப் பசையாகத் தடவி ஒட்டினார். நீர் சொட்டும் புகவில்லை. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1840களில் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறை வந்த பிறகே அது தீர்ந்தது. ரப்பர்க் கோட்டின் மற்றொரு குறை இன்றும் தீரவில்லை: வியர்வை வெளியே போகாது. உழைப்பவருக்கு அது மழையைப் போலவே இன்னொரு நனைவு.

எண்ணெய்த் துணி அதனால்தான் பிழைத்தது. அமெரிக்க மாட்டுக்காரர்களுக்காக பொஸ்டனில் ஏ. ஜே. டவர் நிறுவனம் சேணத்தின் முன்மேடு வரை மூடும் நீண்ட எண்ணெய்க் கோட்டைச் செய்தது. ஆஸ்திரேலியாவின் டிரைசபோன் 1898ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894இல் தொடங்கிய பார்பர், மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் விற்றுத்தான் வளர்ந்தது. 1930களில் ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு ஊட்டிய பருத்தி வந்தது. எண்ணெய் குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும், மெழுகு வளையும். இன்று எண்ணெய்த் துணி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகுத் துணிதான்.

ஊவாவுக்கு இந்தக் கோட்டுகள் துரைமாரோடு கப்பலேறி வந்தன. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கியபோது பண்டாரவளைக்கு ரயில் இல்லை. அது 1894இல்தான் வந்தது. பதுளைக்கு 1924இல். அதுவரை மலைக்கு மலை போகக் குதிரையும் கால்நடையும் மாட்டுவண்டியும்தான். பிரட்டுக்களத்தில் பேர் போட்டு முடிந்ததும் துரை குதிரையேறித் தொங்கல் தொங்கலாகச் சுற்றுவார். அவர் பின்னால் குதிரைக்காரன் நனைந்துகொண்டே ஓடுவான். ஒரே மழைக்குள் ஒருவருக்கு மட்டும் கோட்டு.

குதிரைக்கோட்டைப் பிரித்துப் பார்த்தால்

நிற்பவனுக்கும் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே கோட்டு பொருந்தாது. குதிரையில் உட்கார்ந்தவுடன் தொடை முன்னே நீண்டு மழைக்கு முகம் காட்டுகிறது. கோட்டின் முன்விளிம்புகள் இரண்டு பக்கமும் நழுவுகின்றன. முழங்கால் வெளியே வருகிறது. இந்த ஒரு நிலைமைக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கோட்டின் கீழ்ப்பாதி முழுவதும் உருவானது.

நீளம் கணுக்காலுக்குச் சற்று மேல்வரை வரும். பின்னால் இடுப்புக்குக் கீழிருந்து ஓரம் வரை ஒரு பிளவு. இரண்டு மடலும் குதிரையின் இரு பக்கமும் விழும். பிளவை அப்படியே விட்டால் சேணத்தில் தண்ணீர் தேங்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அடியிலிருந்து நனைவு ஏறும். ஆகவே பிளவுக்குள் விசிறி போல மடியும் முக்கோணத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்தார்கள். நடக்கும்போது அது மடிந்து உள்ளே கிடக்கும். ஏறி உட்கார்ந்ததும் விரிந்து சேணத்தை மூடும். கோட்டின் உள்ளே இரண்டு தொடைக்கும் இரண்டு வார்கள் உண்டு. காற்றில் மடல்கள் பறந்து குதிரையை மிரட்டாமல் தொடையோடு பிடித்து வைப்பவை அவை.

மேல்பாதியில் பெரிய வேலை தோளில் நடக்கிறது. வானத்துக்கு நேராக முகம் காட்டுவது தோள்; கை உடலோடு சேரும் தையலும் அங்கேதான் இருக்கிறது. ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சிறு ஒழுக்கு. அந்தத் தையலை மூட இன்னொரு துணியைத் தோளிலிருந்து நெஞ்சின் பாதிவரை தொங்கவிட்டார்கள். தோள்மூடி என்று சொல்வோம். கீழ்விளிம்பு தைக்கப்படாமல் தொங்குவதால் அதற்கடியில் காற்றுப்போக்கிகளை வைக்கவும் இடம் கிடைத்தது: முதுகில் ஒரு திறந்த பட்டை, கக்கத்தில் பித்தளை வளையம் பதித்த இரண்டு மூன்று துளைகள். மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். ரப்பர்க் கோட்டை எண்ணெய்க் கோட்டு வென்றது இந்தத் துளைகளால் என்றே சொல்லலாம். இன்னும் சிறந்த வெட்டு ஒன்று உண்டு. கழுத்திலிருந்தே கை தொடங்கும். தையல் கழுத்தோரத்திலிருந்து கக்கத்துக்குச் சரிந்து இறங்கும். தோளின் உச்சியில் தையலே வராது. ராக்லன் கை என்று டெய்லர்மார் சொல்வது அதைத்தான்.

கழுத்துப்பட்டை உயரமாக இருக்கும். தூக்கிவிட்டு, தொண்டைக்குக் குறுக்கே ஒரு சிறு பட்டையால் பூட்டலாம். உட்புறத்தில் கோர்டுரோய் துணி வைத்திருப்பார்கள். மெழுகுத் துணி கழுத்தில் உரசினால் குளிரும், அரிக்கும். முன் திறப்பில் இரண்டு மடிப்பு: உள்ளே பொத்தான் அல்லது ஜிப், அதன் மேல் அகலமான மூடி, அதைப் பிடிக்க அமுக்குப் பொத்தான். மூடிக்கு உள்ளே ஜிப்பை ஒட்டி இன்னொரு சிறு மடிப்பு இருந்தால் அதுதான் முதல்தரக் கோட்டு. மேல்மூடியைத் தாண்டி வரும் நீர் அந்தச் சிறு மடிப்பில் விழுந்து கீழே ஓடிவிடும். கடையில் கோட்டைப் பார்க்கும்போது ஜிப்பைத் திறந்து அதை விரலால் தேடிப் பாருங்கள்.

துணித்துண்டுகள் சேருமிடத்தில், ஜீன்ஸ் காலோரத்தில் பார்க்கிறோமே, அந்த மடித்த இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். லயத்துக் கூரையில் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறியிருப்பது போல மேல்துணி கீழ்துணியின் மேல் ஏறியிருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஓடிவரும் நீரெல்லாம் தையலுக்குள் தங்கும். நல்ல எண்ணெய்க் கோட்டைப் பருத்தி நூலில் தைத்ததற்கும் காரணம் உண்டு. பருத்தி நூல் நனைந்தால் பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும்.

குதிரையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு

சின்னத்துரைமார் குதிரையை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள், கோட்டும் மாறியது. 1936இல் பார்பர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கென்று தனி மெழுகுக் கோட்டை வெளியிட்டது. 1924இல் தொடங்கிய பெல்ஸ்டாஃப் முதலிலிருந்தே அந்த வழியில் போனது. இரண்டும் குதிரைக்கோட்டின் நீளத்தைக் குறைத்தன, இடுப்பில் பட்டி போட்டு இறுக்கின, கீழே தனிக் கால்சட்டை கொடுத்தன. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது: நீண்ட மடலும் பின்பிளவும் உள்ள கோட்டு மோட்டார் சைக்கிளில் ஆபத்தானது. மடல் பின்சில்லிலோ சங்கிலியிலோ சிக்கினால் ஆளை இழுத்துப் போட்டுவிடும். நீளக் கோட்டு உங்களிடம் இருந்தால் தொடை வார்களைக் கட்டாமல் வண்டியை எடுக்கவே கூடாது. வார் இல்லாவிட்டால் இரண்டு அகன்ற எலாஸ்டிக் பட்டிகளை இன்றே தைத்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து வருபவரின் சேலைத் தலைப்புக்கும் சாரத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் மழை மேலிருந்து வருவதில்லை. வேகத்தால் முன்னிருந்து வருகிறது. ஜிப்பும் மணிக்கட்டும் மடியும்தான் அடிபடும். கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டும்போது சட்டைக்கை மேலே ஏறும். ஆகவே நிற்கும்போது கை உள்ளங்கையின் நடுவரை வர வேண்டும். முதுகுப்பக்கம் குனிந்தாலும் இடுப்பு தெரியாத நீளம் வேண்டும். கால்சட்டையில் நீர் தேங்கும் இடம் மடி. அங்கே நான்கு தையல்கள் ஒரு புள்ளியில் கூடினால் அந்தக் கால்சட்டையை வாங்காதீர்கள். கவட்டில் தனியாக ஒரு வைர வடிவத் துணித்துண்டு வைத்துத் தையல்களைப் பிரித்திருப்பதே நல்லது. கையுறை, கோட்டின் கைக்குள் போக வேண்டும். கால்சட்டை, சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை வண்டி ஓட்டுவது போல நீட்டிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்து வாங்கிய ரெயின்கோட்டுகள்தான் தோட்டப்புறத்தில் பாதிக்கு மேல் என்பது என் எண்ணம்.

நைலோன் கோட்டு வாங்குபவர் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல்களின் மேல் பளபளக்கும் நாடா ஒட்டியிருந்தால் நல்லது. நாடா தோளில் மட்டும் இருந்து கவட்டில் இல்லாவிட்டால் அது அரைவேலை. லேபிளில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கலாம்: துணி எத்தனை உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அது. 1,500 என்பது நடந்து போகிறவருக்குக் குறைந்த அளவு. மோட்டார் சைக்கிளுக்கு 10,000ஐத் தேடுங்கள்.

மெழுகுக் கோட்டு பெரும்பாலும் இருண்ட நிறத்தில்தான் வரும். பூனாகலைப் பாதையின் வளைவுகளில் மிஸ்ட் இறங்கிவிட்டால் அந்த நிறத்தில் ஆள் இருப்பதே எதிரே வரும் பஸ்காரருக்குத் தெரியாது. வெளிச்சம் திருப்பும் பட்டியை முதுகிலும் கையிலும் வையுங்கள். அதைக் கோட்டோடு சேர்த்துத் தைத்தால் புதிதாக ஊசித்துளைகள் விழும். மேலே போடும் தனி வார்ச்சட்டையாக வாங்குவதே மேல்.

கொழுந்தெடுப்பவருக்கு

இங்கே குதிரைக்கோட்டின் கணக்கு தலைகீழாகிறது. நிரையில் நிற்கும் பெண்ணுக்குத் தோளில் விழும் மழையைவிட, இடுப்பிலிருந்து தொடைவரை உரசும் நனைந்த செடிதான் அதிகம் நனைக்கிறது. மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆன பின்னும் செடி நனைத்துக்கொண்டே இருக்கும். முதுகைக் கூடை பாதி மறைக்கிறது. கூடைக்கயிறு தலையில் அழுந்துவதால் கோட்டோடு தைத்த தொப்பி நசுங்கிப் பின்னால் இழுபடும். கயிற்றின் வழியே நீர் ஓடிப் பிடரியில் இறங்கும். உழைப்பின் சூட்டில் வியர்வை வேறு.

ஆகவே முழுநீள மெழுகுக் கோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது கனம். இரண்டாகப் பிரித்துச் செய்வதே சரி. மேலே இலேசான நைலோன் மேற்சட்டை. கீழே மெழுகு ஊட்டிய கன்வாஸ் படங்கு. பொலித்தீன் படங்கு கவ்வாத்துக் குச்சி குத்தி ஒரு வாரத்தில் கிழிகிறது. மெழுகுக் கன்வாஸ் அந்தக் கீறலைத் தாங்கும். படங்கு நெஞ்சுக்குக் கீழிருந்து கெண்டைக்கால்வரை வர வேண்டும். முன்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை இரட்டைத் துணி. பின்னால் இரு விளிம்பும் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். சரிவில் கால் அகட்டி ஏற அந்தத் திறப்பு உதவும். குதிரைக்கோட்டின் பின்பிளவு இங்கே இப்படித்தான் பயன்படுகிறது.

மேற்சட்டையில் ராக்லன் கை, கக்கத்தில் காற்றுத்துளை, மணிக்கட்டில் எலாஸ்டிக். தொப்பி தனியாக இருக்கட்டும். தோள்வரை விழும் அகன்ற ஓரத்தோடு தைத்து, அது சட்டையின் மேல் விழுமாறு விட்டால் கயிற்று நீர் பிடரிக்குள் போகாது. முன்பக்கம் பை வைக்க வேண்டாம், குச்சி மாட்டும்.

டெய்லர் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: அளவு கொடுக்க வருகிறவரிடம் "கூடையையும் கொண்டு வாங்கக்கா" என்று சொல்லுங்கள். கயிற்றைத் தலையில் போட்டு, கொழுந்தெடுப்பது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் குனியச் சொல்லி, அந்த நிலையில் முதுகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது எடுத்த முதுகளவில் தைத்தால் முதல் நாளே கக்கம் கிழியும்.

தேயிலை மணத்தை இழுக்கும் பொருள். டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஆளிவிதை எண்ணெய் வாசம் வீசும் உடுப்போடு கொழுந்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. அந்த வாசம் ஸ்டோர்வரை போகும். படங்குக்குத் தேன்மெழுகும் மெழுகுதிரி மெழுகும் மட்டுமே. அதையும் ஏற்றிய பிறகு ஒரு வாரம் காற்றில் தொங்கவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

வீட்டில் மெழுகு ஏற்றுதல்

நெருக்கமாக நெய்த பருத்திக் கன்வாஸை வாங்குங்கள். தைப்பதற்கு முன் வெந்நீரில் அலசிக் காயவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், கஞ்சியும் போகட்டும். வெட்டும்போது குண்டூசி குத்தாதீர்கள், துணிக் கிளிப்பால் பிடியுங்கள். தைத்து முடித்த பிறகே மெழுகு.

மெழுகுதிரி மெழுகு மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகுதிரி மெழுகு மட்டும் என்றால் நம் குளிரில் மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்து வெடிக்கும். தேன்மெழுகு அதற்கு வளைவு கொடுக்கும். இரண்டையும் ஒரு பழைய டின்னில் போட்டு, தண்ணீர் உள்ள சட்டிக்குள் அந்த டின்னை வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். தண்ணீர் கொதிக்க வேண்டிய தேவையே இல்லை. உருகியதைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகும்.

அந்தக் கட்டியைத் துணியின் வெளிப்புறத்தில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாகப் படிந்ததும் மேலே ஒரு பழைய துணியை விரித்து, மிதமான சூட்டில் பழைய இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக ஓட்டுங்கள். வெள்ளை மறைந்து துணி சற்றுக் கருக்கும். மெழுகு நூலுக்குள் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தையல்களில் மட்டும் இரண்டாவது முறையும் தேயுங்கள். பிறகு ஒரு குவளையின் மேல் துணியைக் குழியாக வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் விரலால் தடவினால் ஈரம் தெரியக் கூடாது. தையல் உள்ள இடத்திலும் இதையே செய்து பாருங்கள். சோதனை உண்மையில் அங்கேதான்.

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. அது எத்தனை நாளானாலும் காயாத எண்ணெய். பிசுபிசுத்து, தூசி பிடித்து, சிக்கு நாறிப் பூஞ்சணம் பூக்கும். நல்லெண்ணெயும் போதிய அளவு காயாது. மோட்டார் சைக்கிள் கோட்டுக்கு எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட்டுக்கும், விளையாட்டுக் கடையில் கிரிக்கெட் மட்டைக்கும் விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசிப் பல நாள் நிழலில் காயவிடலாம். ஆனால் பூசிய கந்தைத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடாகி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். லயத்துக் காம்பராவில் அப்படி ஒரு தீ பிடித்தால் அடுத்தடுத்த வீடுகளுக்கும் போய்விடும். கந்தையைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.

வருடம் முழுவதும்

ஊவாவின் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை நிற்கும். மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை. ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை கச்சான் காற்று வீசும் காய்ந்த காலம். மெழுகைப் புதுப்பிக்க அதுவே ஏற்ற காலம், ஓகஸ்ட் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து உறவினருக்கு இந்த வழிகாட்டியைக் கொடுத்தால் தேதியை மாற்றிச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஜூன், ஜூலைதான் அடைமழை. பெப்ரவரியில் செய்ய வேண்டும்.

மெழுகுக் கோட்டுக்குச் சவர்க்காரம் ஆகாது, வெந்நீர் ஆகாது, வொஷிங் மெஷின் ஆகவே ஆகாது. சேறு பட்டால் காயவிட்டு பிரஷால் தட்டி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நனைந்த கோட்டை அடுப்பின் மேல் கொடியில் போடும் பழக்கம் நமக்கு உண்டு. கம்பளிக்கு அது சரி, மெழுகுத் துணிக்குத் தீவிபத்து. காற்றோட்டமுள்ள இஸ்தோப்பில், அகலமான கட்டையில் தொங்கவிடுங்கள். மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். பூத்துவிட்டால் வெளியே கொண்டுபோய், காய்ந்தபடியே பிரஷால் தட்டி, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, இளவெயிலில் காட்டி, அந்த இடத்துக்கு மறுபடி மெழுகு ஏற்றுங்கள்.

பெருமழைக் காலத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் மழையுடுப்பும் வாசலுக்குப் பக்கத்தில், இருட்டிலும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலேயே சரிந்து லயங்கள் இடிந்தன. வெளியேறச் சொன்னால் தேட நேரமிருக்காது. கோட்டின் உள்பையில் அடையாள அட்டையின் பிரதி, ஒரு சிறு டோர்ச், பிள்ளைகளின் மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி அந்த மாதங்களில் வைத்துவிடுங்கள். உள்பை இல்லாத கோட்டுக்குப் பை வைக்கும்போது உள்துணியில் மட்டும் தைக்கச் சொல்லுங்கள்; வெளித்துணியில் ஊசி இறங்கக் கூடாது.

கடைசியாகக் கிழிசல். தேயிலைக் குச்சி குத்திய கிழிசல் பெரும்பாலும் மூலைவடிவில் இருக்கும். கிழிந்த விளிம்புகளை வெட்டி எடுக்காமல் பழையபடி சேர்த்து வையுங்கள். அதே கன்வாஸில் கிழிசலைவிட இரண்டு விரல் அகலமான வட்டத்துண்டு வெட்டி, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து, பருத்தி நூலால் சிறு தையலாக ஓரம் சுற்றி வாருங்கள். துண்டு சதுரமாக இருந்தால் மூலைகள் குச்சியில் மாட்டிப் பிரியும், அதனால்தான் வட்டம். தையலின் மேல் மெழுகுக் கட்டியைத் தேய்த்துச் சூடு காட்டுங்கள். ஆறியதும் குவளைச் சோதனையை அந்த இடத்தில் ஒருமுறை செய்துவிட்டு உடுப்பை வேலைக்கு எடுங்கள்.